கலாவைக் கேட்டவர்கள்

'தளபதி' படத்தின் பாடல்கள் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது அங்கே மின்சாரம் நின்றுபோய் நெடுநாளாகியிருந்தது. பற்றரிக்கும் தடை. அயல்வீட்டு அண்ணை ஒருவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லில் டைனமோவை அழுத்திவிட்டு, பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவிலிருந்து இரண்டு வயர்கள் கசெற் பிளேயருக்குப் போகும். 'காட்டுக்குயிலு' பாட்டில் யேசுதாசும் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் சேர்ந்து உச்சத்துக்குப் போகிற நேரம் பார்த்து அவருக்குக் கை ஓயும். பாட்டு இழுபடும், குரல்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தடிக்கும். "அண்ணை, சுத்துங்கோ!" என்று நாங்கள் கத்துவோம். பாட்டு மறுபடி நிமிரும். அந்தப் பாட்டின் சரியான வேகம் எதுவென்று எனக்கு நெடுங்காலம் தெரியாது.

2007ஆம் ஆண்டின் பிற்பகுதியில், சிட்னியில் வென்ட்வேர்த்வில்லிலிருந்து பரமட்டாவுக்குப் போகும் வழியில், பெரியம்மாவின் மகள் தன் காரில் ஒரு புது இறுவட்டைப் போட்டாள். அவள் இங்கே பிறந்தவள். முதல் பாட்டு ஏதோ யந்திரம் முடுக்கிவிட்டதுபோலத் தொடங்கியது. சிறிது நேரத்தில் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, வெட்டி ஒட்டப்பட்டு, 'காட்டுக்குயிலு' எழுந்து வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இது எங்கட பாட்டு" என்றேன். அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. ஆனால் அவள் இன்னொன்று சொன்னாள்: பாட்டின் தொடக்கம் மொடர்ன் லவர்ஸ் என்ற அமெரிக்க ரொக் குழுவின் 'ரோட்ரன்னர்' பாட்டை எடுத்தாள்வது என்று. அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரே காரில், ஒரே பாட்டில், ஆளுக்கொரு பாதியைக் கேட்டுக்கொண்டு போனோம்.

அந்த இறுவட்டு, எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருட்பிரகாசத்தின் 'கலா'. அவருடைய இரண்டாவது அல்பம். 2007 ஆகஸ்டில் வெளிவந்தது. ரொக், மின்னிசை, ஹிப்ஹொப், உறுமி மேளம், தமிழ்ச் சினிமா, கரீபியன் தாளம் எல்லாவற்றையும் ஒரே உரலில் போட்டு இடித்த பரிசோதனை அது. அந்த அல்பம் எப்படி வரவேற்கப்பட்டது என்பதை ஆங்கிலத்தில் பலர் எழுதியிருக்கிறார்கள். தமிழில் எழுதப்பட்டது குறைவு. ஆனால் நாங்களும் அதைக் கேட்டவர்கள். எங்கள் காதும் அந்த வரவேற்பு வரலாற்றில் சேர்த்திதான். அதில் எங்களுக்குப் பெருமை தராத ஒரு பக்கம் இருக்கிறது. அதையும் சேர்த்து எழுதிவைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

*

வீட்டில் மாயா என்று அழைக்கப்பட்ட மாதங்கி 1975இல் இலண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் கொண்டுவரப்பட்டவர். தந்தை அருட்பிரகாசம், அதே 1975இல் இலண்டனில் உருவான ஈரோஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். அருளர் என்பது அவருடைய இயக்கப் பெயர். இலக்கியம் வாசிக்கும் தமிழருக்கு அவர் 'லங்கா ராணி' நாவலை எழுதியவர். 1977 கலவரத்தின் பின் கொழும்பிலிருந்து அகதிகளான தமிழரை வடக்கே ஏற்றிவந்த கப்பலின் கதை அது. தாய் கலா, கணவன் பெரும்பாலும் வீட்டில் இல்லாத குடும்பத்தை யாழ்ப்பாணத்திலும் சென்னையிலுமாக வளர்த்து, எண்பதுகளின் நடுப்பகுதியில் பிள்ளைகளோடு அகதியாக இலண்டன் திரும்பினார். அங்கே தையல் வேலை செய்தார். மகள் தன் முதல் அல்பத்துக்கு 'அருளர்' என்று தகப்பனின் பெயரையும், இரண்டாவதற்கு 'கலா' என்று தாயின் பெயரையும், மூன்றாவதற்கு 'மாயா' என்று தன் பெயரையும் வைத்தார்.

2005இல் வந்த 'அருளர்' விமர்சகர்களிடம் பெரும் வரவேற்பைப் பெற்றது. பிரித்தானியாவின் மேர்க்குரி பரிசுக்கான குறும்பட்டியலில் இடம்பெற்றது. நியூயோர்க்கின் 'வில்லேஜ் வொய்ஸ்' வார இதழ் ஆண்டுதோறும் அமெரிக்க விமர்சகர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில், கன்யே வெஸ்டின் அல்பத்துக்கு அடுத்ததாக இரண்டாம் இடம் கிடைத்தது. ஆனால் அந்தப் பாராட்டோடு கூடவே ஒரு கேள்வியும் ஒட்டிக்கொண்டு வந்தது. இந்தப் பெண் புலியா, புலி ஆதரவாளரா? அல்பத்தின் அட்டையில் புலிகளும் டாங்கிகளும் அச்சிடப்பட்டிருந்தன. அதே இதழின் மூத்த விமர்சகர் ரொபேர்ட் கிறிஸ்ட்கௌ அவரைப் பற்றி எழுதும்போது புலிகளைப் பற்றியும் எழுத வேண்டியிருந்தது. கேள்வி நியாயமற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கலைஞர் துவக்குகளைப் படமாக வரைந்தால், அவை யாருடைய துவக்குகள் என்று கேட்கத்தான் வேண்டும்.

என்னை உறுத்தியது கேள்வியல்ல, பதில்களில் இருந்த அலட்சியம். எத்தனையோ கட்டுரைகளில் அவருடைய தந்தை 'தமிழ்ப் புலி' என்று ஒரே சொல்லில் எழுதப்பட்டார். அவர் ஈரோஸ். புலி, ஈரோஸ், டெலோ, புளொட், ஈபிஆர்எல்எஃப் என்ற பெயர்களுக்கிடையிலான வேறுபாடு எங்களுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. 1986இல் டெலோ இளைஞர்கள் தெருக்களில் கொல்லப்பட்டதைக் கண்டவர்கள் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் எங்களோடு ஒரே கோயிலில் கும்பிடுகிறார்கள். அந்த வேறுபாட்டை ஒரு பத்திரிகையாளர் ஒரு தொலைபேசி அழைப்பில் சரிபார்த்திருக்கலாம். பலர் செய்யவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் மெல்பேர்ணைச் சேர்ந்த தி அவலான்சஸ் குழு 'சின்ஸ் ஐ லெஃப்ட் யூ' என்ற அல்பத்தை வெளியிட்டது. பழைய இசைத்தட்டுகளிலிருந்து பொறுக்கிய எண்ணற்ற ஒலித்துண்டுகளைத் தைத்துச் செய்தது. உலகெங்கும் கொண்டாடப்பட்டது, இன்றைக்கும் அவுஸ்திரேலியாவின் மிகச்சிறந்த அல்பங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. அதைக் கேட்டவர்கள் கற்பனை, குதூகலம், கைவினை என்று எழுதினார்கள். அந்தத் துண்டுகளைப் பொறுக்கிய இளைஞர்களின் தகப்பன்மார் யாரென்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தையல் ஒன்றுதான். ஆனால் ஒரு தையற்காரரிடம் துணியின் அழகைக் கேட்டார்கள். மற்றவரிடம் அடையாள அட்டையைக் கேட்டார்கள்.

*

'கலா' உருவான கதையே அடையாள அட்டைக் கதைதான். முதல் அல்பத்தின் வெற்றிக்குப் பிறகு மாயா அமெரிக்காவில் டிம்பலண்ட் போன்ற பெரிய தயாரிப்பாளரோடு வேலை செய்யத் திட்டமிட்டிருந்தார். 2006இல் அவருக்கு அமெரிக்க விசா சிக்கலானது. எனவே பயணம் போகக்கூடிய இடங்களிலெல்லாம் அல்பத்தைத் துண்டு துண்டாகச் செய்தார். இந்தியா, ட்ரினிடாட், ஜமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா என்று அது நீண்டது. சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் ஒலிப்பதிவுக் கூடத்தில் உறுமிக் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்தார். இலண்டனைச் சேர்ந்த ஸ்விட்ச் என்ற தயாரிப்பாளர் பெரும்பாலான பாட்டுகளில் கூட வேலை செய்தார்.

உறுமியைப் பார்க்காத இளையவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அது இடை சிறுத்த, இரண்டு முகங்களுள்ள மேளம். ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மற்ற முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது எழுகிற உறுமல்தான் அதற்குப் பெயர் கொடுத்தது. தமிழ்நாட்டில் கிராமத்துக் கோயில் திருவிழாவிலும் சாவு ஊர்வலத்திலும் ஒலிப்பது. அல்பத்தின் இரண்டாவது பாட்டான 'பேர்ட் ஃப்ளூ' கிட்டத்தட்ட முழுவதும் இந்த மேளத்தின் மீதுதான் நிற்கிறது. அதற்குள் 2003இல் வந்த 'ஜெயம்' படப் பாட்டொன்றின் துண்டும் இருக்கிறது. நான்காவது பாட்டான 'ஜிம்மி', 1982இல் பப்பி லஹிரி இசையமைத்த 'டிஸ்கோ டான்சர்' என்ற ஹிந்திப் படத்தின் பாட்டை மறுபடி பாடுவது. ஏழாவது பாட்டில் நியூ ஓர்டர் குழுவின் 'ப்ளூ மண்டே'யும் பிக்ஸீஸ் குழுவின் பாட்டொன்றும் வருகின்றன. பதினோராவது 'பேப்பர் பிளேன்ஸ்'. அது த க்ளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டான 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'லின் கிற்றார் இழையின் மேல் கட்டப்பட்டது.

அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 2007இன் மிகச்சிறந்த அல்பமாக 'கலா'வைத் தேர்ந்தது. அன்றைக்குச் சுயாதீன இசை உலகின் நீதிமன்றம் போலிருந்த 'பிட்ச்போர்க்' பத்துக்கு 8.9 கொடுத்தது. இலண்டன், நியூயோர்க் மதிப்புரைகளை நான் அப்போது தேடித் தேடி வாசித்தேன். ஒரு தமிழ்ப் பெண்ணின் பாட்டை இவ்வளவு பேர் இவ்வளவு கவனமாகக் கேட்கிறார்களே என்ற சந்தோசம் பெரிது. ஆனால் வாசிக்க வாசிக்க ஒரு விசயம் பிடிபட்டது. க்ளாஷ், பிக்ஸீஸ், நியூ ஓர்டர், மொடர்ன் லவர்ஸ் ஆகியோரின் பெயர்கள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் சரியாக இருந்தன. பாட்டின் பெயரும் இருந்தது, சிலவற்றில் ஆண்டும் இருந்தது. இளையராஜாவின் பெயர் அபூர்வம். தமிழ்ச் சினிமாப் பாட்டும் உறுமியும் பலருக்குப் 'பொலிவூட்' என்ற ஒரே பெட்டிக்குள் போயின. மிச்சம் 'மூன்றாம் உலகத் தாளங்கள்'.

இதில் சதி ஒன்றுமில்லை. விமர்சகருக்குத் தெரிந்த பாட்டு அவருக்குப் பாட்டாகக் கேட்கிறது; தெரியாதது பின்னணியாகக் கேட்கிறது. என் தங்கைக்கும் எனக்கும் அந்தக் காருக்குள் நடந்ததும் அதுதான். ஆனால் ஆயிரம் பேர் வாசிக்கும் மதிப்புரையில் அது நடக்கும்போது, ஒரு பக்கத்துக்காரர் கலைஞர்களாகவும் மற்றப் பக்கத்துக்காரர் ஓசையாகவும் வரலாற்றில் பதிவாகிறார்கள். மாயாவே அந்த அநியாயத்தை இன்னொரு விதத்தில் அனுபவித்தார். 2007இல் பிட்ச்போர்க்குக்குக் கொடுத்த செவ்வியில், தன் இசையை எல்லோரும் டிப்லோ என்ற ஆண் தயாரிப்பாளரின் கணக்கில் எழுதுகிறார்கள் என்று கடுமையாகச் சொன்னார். தான் செய்த வேலைக்குத் தன் பெயர் வேண்டும் என்பதுதான் அவருடைய வழக்கு. அதை வாசித்தபோது நாங்களும் அந்த வழக்கில் ஒரு கட்சிக்காரர் என்றே எண்ணிக்கொண்டேன்.

*

எங்கள் வீடுகளில் இந்த அல்பத்துக்கு மதிப்புரை எழுதியவர்கள் வேறு.

2007 அவுஸ்திரேலியத் தமிழருக்கு எப்படிப்பட்ட ஆண்டு என்பதை நினைவுபடுத்த வேண்டும். பெப்ரவரியில் கிறிஸ்மஸ் தீவுக்கு அருகே ஒரு படகு மறிக்கப்பட்டது. அதிலிருந்த இலங்கையர் 83 பேர். ஏறத்தாழ எல்லோரும் தமிழர்கள். மார்ச்சில் அவர்களை நவுறு தீவுக்கு அனுப்பினார்கள். மே 1ஆம் திகதி மெல்பேர்ணில் இரண்டு தமிழர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார்கள். சில வாரங்களில் மூன்றாமவரும் கைதானார். புலிகளுக்குப் பணம் சேர்த்தார்கள் என்பது வழக்கு. பயங்கரவாதக் குற்றச்சாட்டுகள் பின்னர் கைவிடப்பட்டன. அதைவிடச் சிறிய குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களை 2010இல் நீதிமன்றம் நன்னடத்தைப் பிணையில் வெளியே விட்டது. ஆனால் 2007இல் அதெல்லாம் யாருக்குத் தெரியும்? சுனாமிக்குக் காசு கொடுத்தவர்கள்கூடப் பழைய ரசீதுகளைத் தேடி எடுத்துக் கிழித்தார்கள்.

அந்த மாதங்களில்தான் தங்கையின் காரில் 'கலா' ஓடியது. பெரியப்பா ஒருநாள் முன் சீற்றில் இருந்து நாலைந்து பாட்டுக் கேட்டார். கடைசியில் அவர் சொன்னது இது: "பிள்ளை, கேக்கிறதெண்டால் கண்ணாடியை ஏத்திப்போட்டுக் கேள்." அவருக்கு இசை பிடிக்கவில்லை என்றில்லை. அந்த இசையை யார் கேட்கிறார்கள் என்பதை வேறு யாரோ கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர் நினைத்தார். மூன்று நாடுகளில் வாழ்ந்து மூன்று பொலிஸைப் பார்த்தவருடைய மதிப்புரை அது.

பெரியம்மாவின் மதிப்புரை வேறு மாதிரி. 'பேர்ட் ஃப்ளூ' தொடங்கியதும் முகத்தைச் சுளித்தார். "என்ன இது, செத்தவீட்டு மேளம்?" என்றார். தங்கைக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, வெட்கமாகவும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் தெரிந்தது உறுமி அல்ல, பறை. பறை அடிப்பவரை எங்கள் வீட்டுப் படலைக்கு உள்ளே விட்டதில்லை. சாவுக்கு அவர் வேண்டும். சாவு முடிந்ததும் அவர் போக வேண்டும். தோலில் கோல் படுகிற அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பெரியம்மாவின் உடம்புக்குள் இருந்த ஊர் எழும்பி நின்றது. இலண்டன் விமர்சகர் அதைத் திருவிழா என்று கேட்டார். பெரியம்மா தீட்டு என்று கேட்டார். தங்கை மட்டும்தான் மேளம் என்று கேட்டாள். அவள் ஆடினாள்.

'கலா'வை வெள்ளைக்கார விமர்சகர்கள் சரியாகக் கேட்கவில்லை என்று கோபப்படும்போதெல்லாம் நான் பெரியம்மாவின் முகத்தையும் நினைத்துக்கொள்வதுண்டு. உறுமி அடித்தவர்களின் பெயரை அவர்கள் எழுதவில்லை. நாங்கள் பறை அடித்தவரின் பெயரைத் தெரிந்துவைத்திருந்தோமா?

*

'கலா'வின் இரண்டாவது வாழ்க்கை 2008இல் தொடங்கியது. 'பேப்பர் பிளேன்ஸ்' ஒரு ஹொலிவூட் நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டத்தில் வந்தது. பிறகு 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்திலும் வந்தது. அமெரிக்காவின் முதன்மைத் தரவரிசையில் நான்காம் இடம்வரை ஏறியது. புலம்பெயர்ந்து வருபவனைக் கண்டால் இவன் களவெடுக்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைக்கும் மனத்தைக் கேலி செய்கிற பாட்டு அது. பல்லவியில் துவக்கு வெடிக்கும் ஓசையும் காசுப்பெட்டி திறக்கும் ஓசையும் வரும். 2007இல் டேவிட் லெற்றர்மனின் நிகழ்ச்சியில் அதைப் பாடியபோது துவக்கு ஓசையை மாற்றிவிட்டார்கள். எம்.டி.வி.யும் அதை அடக்கியது.

2009 பெப்ரவரி 8ஆம் திகதி கிராமி விருது விழாவில் அவர் நிறைமாதக் கர்ப்பிணியாக மேடையேறினார். அதற்குச் சில நாட்கள் முன்புதான் புதுக்குடியிருப்பு மருத்துவமனை எறிகணை வீச்சுக்குள்ளாகி, நோயாளர்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தவர்கள் நாங்கள். அவர் கிடைத்த ஒலிவாங்கிகளில் எல்லாம் வன்னியைப் பற்றிப் பேசினார். அவர் பேச்சில் மிகை உண்டு, புலிகளின் குற்றங்களைப் பற்றிய மௌனமும் உண்டு. ஆனாலும் அந்த மாதங்களில் உலகத் தொலைக்காட்சியில் எங்களைப் பற்றிப் பேசிய, எங்களுக்கு முகம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஏப்ரலில் சிட்னித் தமிழர் பிரதமரின் கிரிபில்லி இல்லத்தின் முன் கூடி நின்றபோது, பதாகை பிடித்த பிள்ளைகளில் பலருக்கு அவருடைய பாட்டுகள் மனப்பாடம். கார்க் கண்ணாடியை ஏற்றச் சொன்ன பெரியப்பாவும் அங்கே நின்றார்.

2010 ஜூலையில் 'மாயா' வந்தது. மூன்று அல்பங்களில் இதுதான் மிகக் கரடுமுரடானது. துளைபோடும் யந்திர இரைச்சல். சூசைட் என்ற பழைய நியூயோர்க் குழுவின் துண்டின் மேல் ஓடும் 'போர்ன் ஃப்ரீ' என்ற பாட்டு. அதன் ஒளிப்படத்தில் செம்பட்டைத் தலைமயிர் உள்ளவர்களைப் படையினர் பிடித்துக்கொண்டுபோய்ச் சுடுகிறார்கள். கண் கட்டப்பட்டு நிர்வாணமாகச் சுடப்பட்ட தமிழரின் காணொளியைப் பார்த்ததிலிருந்து பிறந்தது அது என்று அவர் சொன்னார். பிட்ச்போர்க் இந்த முறை கொடுத்தது 4.4. அதற்குச் சற்று முன் 'நியூயோர்க் ரைம்ஸ்' ஞாயிறு சஞ்சிகையில் வந்த நீண்ட கட்டுரை, அவருடைய அரசியலையும் வசதியான வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. அல்பத்தின் முதல் பாட்டு, இணையத்தில் நாம் தேடுவதெல்லாம் அரசாங்கத்தின் கைக்குப் போகிறது என்கிறது. அதைப் பித்தென்று சிரித்தவர்கள் உண்டு. 2013 ஜூனில் எட்வேர்ட் ஸ்னோடன் ஆவணங்களை வெளியிட்ட பிறகு அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

8.9இலிருந்து 4.4க்கு விழுந்ததற்கு முள்ளிவாய்க்கால்தான் காரணம் என்று எங்களில் பலர் சொல்வதுண்டு. எங்கள் துயரம் தூரத்துத் தாளமாக இருந்தவரை இனித்தது, பேசத் தொடங்கியதும் கசந்தது என்பது அவர்களுடைய வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மையல்ல. 'மாயா'வை இன்று மறுபடி கேட்டால் அதில் சில பாட்டுகள் முடிவடையாதவையாகவே ஒலிக்கின்றன. விமர்சகர் ஒருவர் எங்கள் வலியை மதிப்பதும் ஒரு பாட்டை மதிப்பதும் இரண்டு வேலைகள். இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்யச் சொல்லிக் கேட்க எங்களுக்கு உரிமையில்லை.

*

இப்போது அந்த ஆறாவது பாட்டுக்கு வருகிறேன்.

'கலா'வில் ஐந்தாவது பாட்டு நைஜீரியப் பின்னணி கொண்ட இலண்டன் பாடகர் ஒருவரோடு பாடியது. ஏழாவது, நான் முன்பு சொன்ன நியூ ஓர்டர், பிக்ஸீஸ் கலவை, விமர்சகர்கள் விரும்பியது. இரண்டுக்கும் நடுவில் 'மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர்'. மாங்காய் ஊறுகாயும் ஆற்றுப் போக்கும். சிறுவர்கள் சிலர் டிஜெரிடூ என்ற நீண்ட மரக்குழலின் உறுமலோடு, ஆற்றில் குதிப்பதையும் மீன் பிடிப்பதையும் பற்றி ராப் சொல்கிறார்கள். மாயா நடுவில் வந்து தன் பங்குக்குச் சில வரிகள் சொல்லிவிட்டுப் போகிறார். தங்கையின் காரில் அது ஒருபோதும் முழுதாக ஓடியதில்லை. ஐந்து முடிந்ததும் அவளுடைய விரல் பொத்தானுக்குப் போகும், ஏழு தொடங்கும். நானும் மறித்ததில்லை. சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைத்தேன். வெளிநாட்டு மதிப்புரைகளும் அதை ஒரு வரியில், வேடிக்கைப் பொருளாகவே கடந்தன.

அந்தச் சிறுவர்கள் வில்கானியா மொப். சிட்னியிலிருந்து மேற்கே ஏறத்தாழ 950 கிலோமீற்றரில், டார்லிங் ஆற்றங்கரையில் இருக்கும் வில்கானியா என்ற சிற்றூரைச் சேர்ந்த பழங்குடிப் பிள்ளைகள். அந்த ஆறு அவர்களுக்குப் பாகா, மக்கள் பார்க்கந்திகள். ஆற்றின் பெயரிலிருந்தே மக்களின் பெயர் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பளி மூட்டைகள் ஏற்றிய நீராவிப் படகுகள் வந்துபோன துறைமுகம் அது. படகு போகத் தூக்குவதற்கென்றே கட்டிய பாலம் இன்றும் நிற்கிறது. மோர்கனிக்ஸ் என்ற சிட்னி ஹிப்ஹொப் கலைஞர் அங்கே நடத்திய பட்டறையில் பிறந்தது 'டவுன் ரிவர்' என்ற அவர்களுடைய பாட்டு. 2002இல் ஏ.பி.சி.யின் இளைஞர் வானொலியான டிரிபிள் ஜே அதை நாடு முழுவதும் கேட்கச் செய்தது. ஐந்து வருடம் கழித்து அந்தப் பாட்டைத்தான் மாயா 'கலா'வுக்குள் கொண்டுவந்தார்.

அவர் எடுத்த துண்டுகளில் எங்களுக்கு மிக அருகில் இருந்தது அதுதான். காட்டுக்குயிலு சென்னையிலிருந்து வந்தது. க்ளாஷ் இலண்டனிலிருந்து வந்தது. இந்தப் பிள்ளைகள் நாங்கள் வரி கட்டும் அதே மாநிலத்தில் இருந்தார்கள். மேலும், அவர்களுடைய பெயர் ஒளிக்கப்படவில்லை. பாட்டுப் பட்டியலில் பாட்டின் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. இளையராஜாவின் பெயரை எழுதவில்லை என்று மதிப்புரைகளைக் குறை சொன்ன நான், என் கையிலிருந்த அட்டையில் இருந்த பெயரை வாசிக்கவில்லை.

காலத்தையும் பார்க்க வேண்டும். 2007 ஜூன் 21ஆம் திகதி ஹோவர்ட் அரசாங்கம் வட பிரதேசத்துப் பழங்குடிக் கிராமங்களில் 'அவசரத் தலையீடு' என்று அறிவித்தது. இராணுவத்தினரும் அனுப்பப்பட்டார்கள். அதற்கான சட்டங்கள் ஆகஸ்ட் நடுவில் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டம் அந்த நடவடிக்கைகளுக்குப் பொருந்தாது என்று ஒதுக்கிவைக்கப்பட்டது. 'கலா' கடைகளுக்கு வந்ததும் அந்த நாட்களில்தான். வில்கானியா வட பிரதேசத்தில் இல்லை. ஆனால் செய்தியில் பழங்குடிப் பிள்ளைகள் என்றால் அழுக்கு, குடி, ஆபத்து என்று மட்டுமே காட்டப்பட்ட மாதம் அது. அந்த மாதத்தில், பாலத்திலிருந்து ஆற்றில் குதிக்கும் சந்தோசத்தைத் தங்கள் வாயாலேயே சொல்கிற பழங்குடிப் பிள்ளைகளின் குரல் எங்கள் காருக்குள் இருந்தது. நவுறுவைப் பற்றியும் மெல்பேர்ண் கைதுகளைப் பற்றியும் வரவேற்பறைகளில் தாழ்ந்த குரலில் பேசிய நாங்கள், இராணுவம் இன்னொருவருடைய ஊருக்குள் போனதைப் பற்றிப் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை. இராணுவம் ஊருக்குள் வருவதென்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாததா?

2019இல் வேலை ஒன்றுக்காகப் புரோக்கன் ஹில் போகிற வழியில் வில்கானியாவில் காரை நிறுத்தினேன். அந்த வருடத் தொடக்கத்தில் ஆற்றின் கீழ்ப்பக்கம் மெனிண்டீயில் இலட்சக்கணக்கான மீன்கள் செத்து மிதந்த படங்களை எல்லோரும் பார்த்திருந்தோம். வறட்சியும், மேலே பருத்திக்கும் பாசனத்துக்கும் எடுக்கப்பட்ட நீரும் சேர்ந்து ஆற்றைக் கொன்றன என்று பார்க்கந்தி மக்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு வருட வழக்கின் பின் 2015இல் அந்த நிலத்தின் மரபுரிமை நீதிமன்றத்தால் அவர்களுக்கு அங்கீகரிக்கப்பட்டிருந்தது. நிலம் அவர்களுடையது என்று தீர்ப்பு இருந்தது. ஆற்றில் தண்ணீர் இருக்கவில்லை. நான் பாலத்தில் நின்று பார்த்தேன். கீழே வெடித்த களிமண்ணும், இடையிடையே பச்சை பிடித்த குட்டைகளும். அங்கே குதித்தால் கால் முறியும்.

காருக்குள் வந்து அந்தப் பாட்டைப் போட்டேன். பன்னிரண்டு வருடங்களில் முதல்முறையாக முழுதாகக் கேட்டேன். அது வேடிக்கைப் பாட்டு அல்ல. எங்கே ஆழம், எப்போது குதிக்கலாம், எங்கே மீன் என்று தெரிந்தவர்களின் பாட்டு. தன் ஊரைத் தன் உடம்பால் அறிந்தவன் சொல்கிற கணக்கு. எங்கள் ஊர்க் கேணியைப் பற்றி எனக்கு அப்படி ஒரு பாட்டு இருக்கிறதா என்று யோசித்தேன். அந்தச் சிறுவர்கள் அப்போது முப்பதை நெருங்கியிருப்பார்கள்.

'கலா'வின் வரவேற்பைப் பற்றி எழுதும் எவரும் 'ரோலிங் ஸ்டோன்' கொடுத்த முதலிடத்தை எழுதுவார்கள், எழுதத்தான் வேண்டும். தமிழரான நாங்கள் இளையராஜாவையும் உறுமியையும் சேர்த்து எழுதுவோம். அவுஸ்திரேலியத் தமிழர் அதோடு இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: எங்களுக்கு மிக அருகிலிருந்த குரலை நாங்கள் பொத்தானை அழுத்தித் தாண்டிப் போனோம்.

போன கோடையில் தங்கையின் மகனைக் கிரிக்கெட் பயிற்சிக்கு ஏற்றிப் போனபோது 'கலா'வைப் போட்டேன். ஐந்தாவது முடிந்தது. நான் கையை எடுக்கவில்லை. டிஜெரிடூ உறுமியது, பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். அவன் பாதிப் பாட்டுவரை கவனமாகக் கேட்டான்.

"மாமா, ஆர் இந்தப் பெடியள்?"

"வில்கானியா மொப்" என்றேன். பிறகு வில்கானியா எங்கே இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினேன்.